டீலரிடம் பழைய மசில் கார் வாங்கும்போது செய்யக்கூடாத தவறுகள்

மசில் கார் என்றால் பெரிய வி8 என்ஜின் வைத்த 1960, 70-களின் அமெரிக்க கார். அவற்றில் 1971-ஆம் ஆண்டு பிளைமவுத் ஹெமி குடா (பராகுடாவின் வேக ரகம்; ஹெமி என்பது அதன் 426 கன அங்குல என்ஜின்) கன்வர்ட்டிபிள் மொத்தமே 11 தான் தயாரானது. அதில் ஒன்று 2014-இல் சியாட்டிலில் நடந்த மீகம் ஏலத்தில் 35 லட்சம் டாலருக்குப் போனது. அதே ஆண்டில் சாதாரண 318 கன அங்குல என்ஜினோடு வெளிவந்த பராகுடா கன்வர்ட்டிபிளுக்கு அந்த விலையில் சிறு பங்குகூடக் கிடைக்காது. பார்வைக்கு இரண்டுக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. பானெட், ஸ்டிக்கர், சின்னங்கள், என்ஜின் என்று வித்தியாசம் காட்டும் எல்லாமே இன்று பணம் கொடுத்தால் கிடைக்கும். அமெரிக்க மசில் கார் சந்தையில் போலி புழங்குவதற்கு வேறு காரணம் தேட வேண்டியதில்லை.

டீலர்கள் எல்லாரும் ஏமாற்றுக்காரர்கள் என்று நான் சொல்ல வரவில்லை. பல டீலர்களிடம் நிற்கும் வண்டி அவர்களுடையதே அல்ல. உரிமையாளர் ஒருவர் விற்றுத் தரச் சொல்லி விட்டுப்போனது. டீலருக்குக் கமிஷன் மட்டும்தான். "ஒரிஜினல் எஸ்.எஸ்." (செவர்லேயின் வேக ரகம்) என்று உரிமையாளர் சொன்னார், டீலர் அதை அப்படியே விளம்பரத்தில் போட்டார், இடையில் யாரும் வண்டிக்கு அடியில் படுத்துப் பார்க்கவில்லை. கடையின் தோற்றத்தையும் பளபளப்பான போட்டோக்களையும் நம்பிப் பணம் கட்டுவதுதான் முதல் தவறு.

அடுத்த தவறு, எல்லா கம்பெனி வண்டிக்கும் ஒரே அளவுகோலை வைப்பது. "வின் நம்பரைப் பார்த்தேன், சரியாக இருக்கிறது" என்பார்கள். வின் என்பது ஒவ்வொரு வண்டிக்கும் ஆலை தரும் அடையாள எண். எந்த கம்பெனியின் வின்? அதைப் பொறுத்துத்தான் அந்தப் பேச்சுக்கு மதிப்பு.

பிளைமவுத் உள்ளிட்ட கிரைஸ்லர் குழும வண்டிகளில் வின் நம்பரே என்ஜினைச் சொல்லிவிடும். 1970 குடா ஒன்றின் எண் "பி எஸ் 23 ஆர் 0 பி" என்று தொடங்கினால், ஐந்தாவது இடத்தில் உள்ள "ஆர்" 426 ஹெமியைக் குறிக்கும். அங்கே "வி" இருந்தால் மூன்று கார்ப்யூரேட்டர் வைத்த 440. அதனால் இங்கே போலி செய்பவர் என்ஜினை மாற்றினால் போதாது, வின் எண் தகட்டையே மாற்றியாக வேண்டும். துருப்பிடித்து வீணாய்ப்போன ஹெமி வண்டியின் தகட்டைக் கழற்றி நல்ல உடலில் பொருத்துவது அப்படி வந்த வழக்கம்தான். டாஷ்போர்டு தகட்டோடு நிறுத்தாமல், ரேடியேட்டர் தாங்கியில் பொறித்திருக்கும் எண்ணும் அதோடு பொருந்துகிறதா என்று பாருங்கள்.

ஃபோர்டில் வேலை சுலபம். 1967 முதலான தயாரிப்புப் பதிவுகள் மார்ட்டி ஆட்டோ வொர்க்ஸ் நிறுவனத்திடம் இருக்கின்றன. வின் நம்பரைக் கொடுத்துக் கட்டணம் கட்டினால், அந்த மஸ்டாங் என்ன நிறத்தில், என்ன என்ஜினோடு, எந்த டீலருக்குப் போனது என்பது வந்துவிடும். பாண்டியாக்குக்கு பி.எச்.எஸ். என்ற ஆவண நிறுவனம் இருக்கிறது, 1961 முதலான வண்டிகளின் தொழிற்சாலை பில் நகலைத் தருவார்கள். பாண்டியாக்கின் மசில் காரான ஜி.டி.ஓ.வுக்கு இது மிக அவசியம். 1966 முதல் 1971 வரை ஜி.டி.ஓ.வின் வின் 242 என்று தொடங்கும், பார்த்ததும் தெரிந்துவிடும். 1964, 65-இல் ஜி.டி.ஓ. என்பது லெமான்ஸ் வண்டிக்கான ஒரு ஆப்ஷன் மட்டுமே, வின்னில் அதற்குத் தடயம் இல்லை. 1969-இல் வந்த "ஜட்ஜ்" ரகமும் அப்படித்தான். பில் நகல் இல்லாத ஜட்ஜுக்கு ஜட்ஜ் விலை கொடுக்காதீர்கள்.

செவர்லேயில்தான் சிக்கல் முழுக்க. 1966 முதல் 68 வரையிலான அமெரிக்கத் தயாரிப்பு ஷெவெல் எஸ்.எஸ். 396-இன் வின் 138 என்று தொடங்கும். 136 என்று தொடங்கினால் அது எஸ்.எஸ். ஆகப் பிறந்த வண்டியே அல்ல; அதற்குமேல் பேச ஒன்றுமில்லை. ஆனால் 1969-இலிருந்து எஸ்.எஸ். வெறும் ஆப்ஷன் ஆகிவிட்டது. 1970-இன் 450 குதிரைத்திறன் எல்.எஸ்.6 என்ஜின் வைத்த ஷெவெலுக்கும், சாதாரண வி8 ஷெவெல் மாலிபுவுக்கும் வின் 136 என்றுதான் தொடங்கும். செவர்லேயின் முதல் தலைமுறை (1967-69) கமாரோவில் வின் சொல்வது ஆறு சிலிண்டரா, வி8-ஆ என்பதை மட்டும்தான், எஸ்.எஸ்., இசட்/28 என்ற வேக ரகங்கள் எதையும் காட்டாது. அமெரிக்காவில் விற்ற செவர்லேக்களுக்கு மார்ட்டி அறிக்கை போன்ற வசதியும் கிடையாது. கனடாவில் புதிதாக விற்ற வண்டி என்றால் மட்டும் ஜி.எம். கனடாவிடமிருந்து ஆவணம் பெற வழி இருந்திருக்கிறது. ஆக, செவர்லேக்கு இரும்பையும் பழைய காகிதத்தையும்தான் நம்ப வேண்டும்.

அந்த இரும்பை எப்படிப் படிப்பது என்று 1969 கமாரோ இசட்/28-ஐ வைத்துப் பார்ப்போம். பயணி பக்க சிலிண்டர் ஹெட்டுக்கு முன்னால், பிளாக்கில் விரல் அகலத்துக்கு ஒரு தட்டையான மேடை தெரியும். அழுக்கைத் துணியால் துடைத்துவிட்டு டார்ச்சைப் பக்கவாட்டில் சாய்த்துப் பிடியுங்கள். "வி 0214 டி-இசட்" என்று இருக்கிறது என்று வைத்துக்கொள்வோம். ஃப்ளின்ட் ஆலையில் பிப்ரவரி 14-இல் பூட்டிய, இசட்/28-க்கான 302 என்ஜின் என்று பொருள். பக்கத்திலேயே 19என் என்று தொடங்கி வண்டியின் வரிசை எண் ஆறு இலக்கமும் இருக்க வேண்டும். 1 செவர்லே, 9 ஆண்டு, என் நார்வுட் ஆலை.

எண் பொருந்தியதும் நிமிர்ந்துவிடுகிறார்கள். அங்கேதான் அதிகம் பேர் ஏமாறுகிறார்கள். எண்ணைவிட எண்ணுக்கு அடியில் இருக்கும் பரப்பு முக்கியம். ஆலையில் அந்த மேடையைச் சீவிய இயந்திரம் என்ஜினின் முன்பின் வாக்கில் மெல்லிய இணைகோடுகளை விட்டுச் சென்றிருக்கும். பரப்பு வழவழவென்று இருந்தாலோ, சுழல் தேய்ப்புக் கீறல் தெரிந்தாலோ, பழைய எண்ணைத் தேய்த்துப் புதிதாக அடித்திருக்க வாய்ப்பு உண்டு. என்ஜின் ரீபில்டில் நேர்மையாகவே மேடையைச் சீவியிருக்கலாம் என்பதும் உண்மை. ஆனால் சீவிய பரப்பின் மேல் கச்சிதமான எண் மட்டும் எப்படி வந்தது என்று டீலரிடம் கேட்டே ஆக வேண்டும்.

பிறகு தேதிகளை வரிசைப்படுத்துங்கள். பிளாக் வார்த்த தேதி முதலில் வர வேண்டும். அதற்குப் பிறகு என்ஜின் பூட்டிய தேதி, அதற்கும் பிறகு வண்டியின் உடல் தயாரான வாரம். உடல் தேதி முன்புறத் தடுப்புச் சுவரில் உள்ள தகட்டில் இருக்கும். 03பி என்றால் மார்ச் இரண்டாம் வாரம். வண்டி மார்ச்சில் தயாராகி, என்ஜின் ஏப்ரலில் பூட்டியதாக இருந்தால் அது அந்த வண்டியோடு வந்த என்ஜின் அல்ல. 1969 கமாரோவில் தடுப்புச் சுவரில் ஹீட்டருக்குப் பின்னாலும், முன்கண்ணாடிக்குக் கீழுள்ள மூடியின் அடியிலும் வின்னின் பகுதி மறைவாகப் பொறித்திருக்கும். சந்தேகம் வந்தால் அந்த மூடியைக் கழற்றிப் பார்க்க அனுமதி கேளுங்கள்.

பொதுவான தயாரிப்பு விதிகளும் கைகொடுக்கும். முதல் தலைமுறை கமாரோவின் இசட்/28 நான்கு கியர் மேனுவலில் மட்டுமே வந்தது. ஆட்டோமேட்டிக் கியரோ தொழிற்சாலை ஏசியோ உள்ள "ஒரிஜினல் 1969 இசட்/28" என்று யாராவது காட்டினால் நேரத்தை வீணாக்க வேண்டாம்.

காகித விஷயத்தில் ஒரே ஒரு கண்டிப்பு: டீலர் தரும் ஃபைலைச் சான்றாக எடுத்துக்கொள்ளாதீர்கள். ஆலையில் வண்டியோடு போன தயாரிப்புத் தாளான பில்ட் ஷீட், பழைய செவர்லே வாரன்டி புத்தகத்தோடு வந்த புரொடெக்ட்-ஓ-பிளேட் என்ற சின்ன உலோகத் தகடு, உடல் தகடு எல்லாவற்றுக்கும் மறுபதிப்பு செய்பவர்கள் இருக்கிறார்கள். மார்ட்டி அறிக்கையும் பி.எச்.எஸ். நகலும் உங்கள் பெயரில், உங்கள் பணத்தில் நேரடியாக வரவழையுங்கள். வண்டி விலைக்கு முன்னால் அந்தக் கட்டணம் ஒன்றுமே இல்லை. அந்த அறிக்கை சொல்வது வண்டி ஆலையை விட்டுக் கிளம்பிய நிலையை மட்டும்தான். இன்று உள்ளே இருப்பது அதே என்ஜின்தானா என்பதை அது சொல்லாது.

விளம்பர வாசகங்களையும் மெதுவாகப் படியுங்கள். "டேட் கோட் கரெக்ட்" என்றால் அதே காலத்தில் வார்த்த வேறொரு என்ஜின். "எஸ்.எஸ். ட்ரிப்யூட்" என்றால் க்ளோன், அதாவது சாதாரண வண்டியை எஸ்.எஸ். போல மாற்றியது. க்ளோன் மட்டமான வண்டி அல்ல. தினம் ஓட்டி மகிழ நினைப்பவருக்கு க்ளோனையே நான் சிபாரிசு செய்வேன், விலையும் க்ளோன் விலையாக இருந்தால். "ஒரிஜினல் மைல்கள்" என்பதற்கும் தனி ஆதாரம் கேளுங்கள். இத்தனை பழைய வண்டிகளுக்கு ஓடோமீட்டர் உறுதிமொழி தேவையில்லை என்று அமெரிக்க மத்திய விதி விலக்கு தந்திருக்கிறது. ஐந்து இலக்க மீட்டரோ ஒரு லட்சம் மைலில் மீண்டும் சுழியத்துக்கு வந்துவிடும்.

வின் எண் தகடு விஷயத்தில் பணம் மட்டுமல்ல, வண்டியே போய்விடலாம். எண்ணைத் திருத்துவதும் அழிப்பதும் அமெரிக்க மத்திய சட்டப்படி குற்றம். இந்தியானாவில் ஒரு டீலரிடம் 2016-இல் 1959 கார்வெட் வாங்கிய ஒருவர், அதைப் பதிவு செய்ய கான்சஸ் போலீஸ் பரிசோதனைக்குக் கொண்டுபோனார். பழைய ரெஸ்டோரேஷனில் தகட்டைக் கழற்றி மாட்டியிருந்தது தெரிந்து வண்டி பறிமுதலானது. வாங்கியவர் மீது எந்தத் தவறும் இல்லாதபோதும், அன்றைய மாநிலச் சட்டம் அதை அழிக்கச் சொன்னது. 2022-இல் சட்டத்தைத் திருத்திய பிறகே வழி பிறந்தது. தகட்டின் ரிவெட்டுகளைப் பெரிதாகப் படமெடுத்து, அந்த ஆண்டு ஆலை ரிவெட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள்.

கடைசியாக ஒப்பந்தம். டீலர் கடைகளில் வண்டிக் கண்ணாடியில் ஒட்டியிருக்கும் பையர்ஸ் கைடு என்ற வாங்குபவர் அறிவிப்பில் "ஆஸ் ஈஸ்" (உள்ளது உள்ளபடி) கட்டத்தில் டிக் இருந்தால் வாரன்டி கிடையாது. வாயால் சொன்னதை அப்புறம் நிரூபிப்பது மிகக் கடினம். அட்வான்ஸ் கட்டும் முன்பே மேடையின் படம், ரிவெட்டுகளின் படம், உடல் தகட்டின் படம் மூன்றையும் கேட்டு வாங்குங்கள். அந்த கம்பெனி வண்டியையே ஆண்டுக்கணக்கில் பார்த்த நிபுணர் ஒருவர் நேரில் பார்க்கும்வரை அட்வான்ஸ் திருப்பித் தரப்படும் என்று எழுதி வாங்குங்கள். சாதாரண மெக்கானிக் பிரேக்கைப் பார்ப்பார், மேடையைப் பார்க்கமாட்டார். "இது தொழிற்சாலையில் இசட்/28 ஆகத் தயாரான வண்டி, இதிலுள்ளது இதனோடு வந்த என்ஜின்" என்ற வரியை விற்பனை ரசீதில் சேர்க்கச் சொல்லுங்கள். டீலர் தயங்கினால், அதே வண்டிக்கு க்ளோன் விலை பேசுங்கள்.