அட்டையில் ஈகிள் விண்கலம் செய்வது எப்படி?

1975-ல் பிரிட்டனில் ஒளிபரப்பான 'ஸ்பேஸ்: 1999' தொடரில், மூன்பேஸ் ஆல்ஃபா என்ற நிலவுத் தளத்துக்கு எல்லா வேலைக்கும் ஓடும் வண்டி இந்த ஈகிள். வடிவமைத்தவர் பிரையன் ஜான்சன். படப்பிடிப்புக்காகச் செய்த பெரிய மாதிரியின் நீளம் 44 அங்குலம். நாம் அதில் கால் பங்கு, அதாவது 28 செ.மீ. நீளத்தில் செய்வோம்.

தேவையானவை: கெட்டி அட்டை, மெல்லிய மூங்கில் குச்சி, பல்குத்தும் குச்சி, பசை, எம்-சீல், நான்கு டூத்பேஸ்ட் மூடி, நான்கு சட்டைப் பொத்தான், வெள்ளை ஸ்ப்ரே பெயின்ட், பென்சில்.

படி 1: முதலில் மூக்கைச் செய்யத்தான் கை பரபரக்கும். வேண்டாம், நடுப்பெட்டியில் தொடங்குங்கள். தேவைக்கேற்ப அதைக் கழற்றி வேறு பெட்டி மாட்டிக்கொள்ளலாம் என்பதுதான் இந்தக் கலத்தின் அழகே. 8 செ.மீ. நீளம், 5 அகலம், 4 உயரம் போதும். இதை எங்கும் ஒட்டிவிடாதீர்கள்.

படி 2: பெட்டிக்கு முன்னும் பின்னும் 3 செ.மீ. நீளத்தில் ஒவ்வொரு அட்டைக் கட்டை. பெட்டி உரசாமல் வந்துபோக ஒரு மில்லிமீட்டர் இடைவெளி விட்டு, இரண்டு கட்டைகளையும் மேலே 14 செ.மீ. முதுகெலும்பால் இணையுங்கள். நீளவாக்கில் மூங்கில் குச்சி, குறுக்கே சாய்வாகப் பல்குத்தும் குச்சி. இங்கே அவசரப்படவே கூடாது. முதுகெலும்பு கோணினால் கலமே கோணலாகத் தெரியும். அளவுக் கோடு போட்ட தாளின்மேல் வைத்து ஒட்டி, ஓர் இரவு காயவிடுங்கள்.

படி 3: கட்டைகளின் வெளிப்பக்கம் 2.5 செ.மீ. நீளக் குச்சிக் கூண்டுகள். பின்கூண்டில் நான்கு மூடிகளும் எஞ்சின் குழல்களாகும். கட்டைகளின் இருபுறமும் கால்கள், அடியில் பொத்தான்.

படி 4: இப்போது மூக்கு. எம்-சீலைப் பிசைந்து 5 செ.மீ. நீளத்தில் அலகு போல உருட்டுங்கள். கெட்டியாவதற்குள் ஜன்னல் பள்ளங்களை அழுத்திவிட வேண்டும். காய்ந்ததும் உப்புத்தாள் போட்டுத் தேய்த்து, முன்கூண்டில் ஒட்டுங்கள்.

படி 5: வெள்ளை அடிக்கும்போது ஒரே தடவையில் மொத்தமாக அடிக்காமல் மூன்று மெல்லிய பூச்சாக அடியுங்கள். அப்புறம் பென்சில் தூளை விரலால் தொட்டு, சில தகடுகளில் மட்டும் லேசாகத் தேயுங்கள். கறுப்புக் கோடு போட்டால் பொம்மையாகிவிடும்.

சலித்த சிமென்ட் தூளைப் பரப்பி அதன்மேல் நிறுத்தி, அறையை இருட்டாக்கி, பக்கவாட்டில் தாழ்வாக ஒரே ஒரு விளக்கை வைத்துப் படம் எடுங்கள். முதுகெலும்பின் நிழல் பெட்டிமேல் விழுவது தெரியும்.