ட்ரங்க் விழுந்தும் வராத அலாரம் மெயில்

காலையில் வெளியிலிருந்து ஒரு அழைப்பும் வரவில்லை. பிபிஎக்ஸ் (அலுவலகத்தின் உள் தொலைபேசி இணைப்பகம்) திரையில் 'சிப் ட்ரங்க் பதிவு தோல்வி' என்று சிவப்பில் இருந்தது, இரவு 2 மணியிலிருந்தே. சிப் ட்ரங்க் என்பது வெளி அழைப்புகளை இணையம் வழியாகக் கொண்டுவரும் இணைப்பு. ஆனால் அலாரம் மெயில் வரவேயில்லை. எந்த நிகழ்வுக்கு மெயில் போக வேண்டும் என்ற பட்டியலில் டிக் சரி, பெறுநர் முகவரியும் சரி. மெயில் லாகைத் திறந்தபோதுதான் புரிந்தது: 25ஆம் போர்ட்டில் அனுப்ப முயன்று டைம்அவுட் ஆகியிருக்கிறது. ஸ்பேமைத் தடுக்க இணையச் சேவை நிறுவனங்கள் பல அதை அடைத்துவிடும். 587க்கு மாற்றி, ஸ்டார்ட்டிஎல்எஸ் (இணைப்பை மறையாக்கும் முறை) போட்டு, பயனர் பெயர், கடவுச்சொல் கொடுத்தேன்.

டெஸ்ட் மெயில் வந்தது. அது போதாது என்று, ட்ரங்க் கடவுச்சொல்லில் ஓர் எழுத்தை மாற்றி மறுபடி பதிவு செய்ய வைத்தேன். ஒரு நிமிடத்துக்குள் அலாரம் வந்தது, நிம்மதி.

அப்புறம்தான் தோன்றியது: இணையமே போனால் மெயிலும் போகாதே? அதற்காக முக்கிய அலாரங்களை வரவேற்பு மேசை எக்ஸ்டென்ஷனுக்கும் (உள் தொலைபேசிக்கும்) அடிக்க வைத்திருக்கிறேன்.