போக்சோ வழக்கில் "குழந்தை என்னிடம் சொன்னாள்" என்ற சாட்சியத்தை எப்படி எதிர்கொள்வது?

வீட்டில் ஒருவர் மீது போக்சோ (குழந்தைகளைப் பாலியல் குற்றங்களிலிருந்து காக்கும் சட்டம்) வழக்கு இருந்தால், குற்றப்பத்திரிகை நகல் கைக்கு வந்ததும் சாட்சிப் பட்டியலை எடுத்து, ஒவ்வொரு பெயருக்கும் பக்கத்தில் இவர் எதை நேரில் பார்த்தார், எதை யார் சொல்லிக் கேட்டார், எப்போது கேட்டார் என்று எழுதுங்கள். பெரும்பாலும் நடந்ததை நேரில் அறிந்தது குழந்தை மட்டும்தான். அம்மா, டீச்சர், டாக்டர் எல்லாரும் குழந்தை சொல்லித் தெரிந்துகொண்டவர்கள்.

வாய்மொழிச் சாட்சியம் நேரடியாக இருக்க வேண்டும் என்று சொல்வது பழைய சாட்சியச் சட்டத்தில் 60வது பிரிவு, 2024 ஜூலை 1 முதல் வந்த பாரதிய சாக்ஷிய அதினியத்தில் 55. அதற்காக அம்மா சொல்வது எதுவுமே செல்லாது என்று நம்பிவிடாதீர்கள். குழந்தை அழுதது, உடம்பில் காயம் இருந்தது, இதெல்லாம் அவர் கண்ணால் கண்டது. சம்பவத்தோடு ஒட்டியே வெளிவந்த அலறலும் பேச்சும்கூட ஏற்கப்படும். ராமேஷ்வர் வழக்கில் (1952), சில மணி நேரம் கழித்து சிறுமி தாயிடம் சொன்னதையும் உச்ச நீதிமன்றம் ஏற்றது. ஆனால் சிறுமியே கோர்ட்டில் சொன்னதற்கு வலு சேர்க்கத்தான் அது பயன்பட்டது. குழந்தை கோர்ட்டில் சொல்லாத ஒன்றை அம்மாவின் வாயால் நிரப்ப முடியாது.

அதனால் குறுக்கு விசாரணையில் கேட்க வேண்டியது: குழந்தை தானாகச் சொன்னதா, கேட்டுச் சொன்னதா, முதலில் கேட்டது யார், என்ன கேட்டார், எத்தனை நாள் கழித்து? மருத்துவமனைப் பதிவேட்டில் 'இன்னார் செய்ததாக' என்று இருப்பது டாக்டர் கேட்டு எழுதியது, அவர் பரிசோதித்துக் கண்டது அல்ல. இரண்டையும் அவர் வாயாலேயே பிரித்துச் சொல்ல வையுங்கள். மாஜிஸ்திரேட்டிடம் கொடுத்த வாக்குமூலமும் (பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்தில் 164வது பிரிவு, இப்போதைய புதிய சட்டத்தில் 183) தனியாக நின்று குற்றத்தை நிரூபிக்காது, கோர்ட்டில் சொன்னதோடு ஒப்பிடத்தான்.

குழந்தையிடம் உங்கள் வக்கீல் நேரடியாகக் கேள்வி கேட்க முடியாது, போக்சோ சட்டத்தின் 33வது பிரிவுப்படி நீதிபதி வழியாகத்தான் போகும். அதனால் கேள்விகளைச் சின்னச் சின்னதாக, ஒன்றுக்கு ஒரு விஷயமாக எழுதித் தயாராக வைத்திருக்கச் சொல்லுங்கள். கோர்ட்டில் சொல்வதற்கும் முன்பு போலீசிடம் சொன்னதற்கும் முரண்பாடு இருந்தால், அந்தப் பகுதியைச் சாட்சியின் கவனத்துக்குக் கொண்டுவர வேண்டும், அப்புறம் போலீஸ் வாக்குமூலத்தில் அப்படி இருந்ததா என்று விசாரணை அதிகாரியிடமும் கேட்க வேண்டும். இந்த இரண்டாவது படியை விட்டுவிட்டால் முரண்பாடு நிரூபணமாகாது.

திரை போட்டாலும் வீடியோவில் நடந்தாலும், குழந்தை சொல்வது குற்றம் சாட்டப்பட்டவருக்குக் கேட்க வேண்டும், அவர் வக்கீலோடு பேசவும் முடிய வேண்டும். இது 36வது பிரிவு தரும் உரிமை. சத்தம் வரவில்லையென்றால் அங்கேயே சொல்லிப் பதிவு செய்ய வையுங்கள். 29வது பிரிவு குற்றம் நடந்ததாக அனுமானிக்கச் சொல்கிறதே என்று கலங்க வேண்டாம், அடிப்படை விவரங்களை அரசுத் தரப்பு முதலில் நிறுவியாக வேண்டும். ஆனால் நிறுவிவிட்டால், வாய்மூடி இருந்து தப்பிக்க முடியாது.

குழந்தையின் வீட்டுப் பக்கம் போகவே போகாதீர்கள், ஆள் விட்டும் பேசாதீர்கள். அது அந்தக் குழந்தைக்குச் செய்யும் இன்னொரு கொடுமை, ஜாமீனும் போய்விடும். வக்கீல் வைக்கப் பணமில்லாமல் அவர் சிறையில் இருந்தால், மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழுவில் மனு கொடுங்கள், இலவசமாக வக்கீல் கிடைப்பார்.