கத்திக்கு எந்த உருக்கு? உப்புக் காற்றில் ஒப்பிட்டுப் பார்க்கும் விதம்

போன வாடைக்காலத்தில் என் மச்சான் அறக்குளா வெட்டிய கத்தியைக் கழுவாமல் தோணியிலேயே போட்டுவிட்டு வந்தார். விடிய எடுத்துப் பார்த்தால் அலகு முழுக்கப் புள்ளி புள்ளியாகக் கறள். டி2 உருக்கு, அவருக்காக நான்தான் எடுப்பித்துக் கொடுத்தது. "12 வீதம் குரோமியம் இருக்கெண்டு சொன்னாயே மச்சான்?" என்று கேட்டார். நியாயமான கேள்வி.

டி2வில் குரோமியம் 12 வீதமளவு, காபன் 1.5 வீதமளவு. இவ்வளவு காபன் இருந்தால் அது குரோமியத்தில் பெரும்பங்கைப் பிடித்துக் கடினமான மணிகளாகக் கட்டிவிடும். காபைட்டு என்பது அதைத்தான். அந்த மணிகளால் கூர் நீண்ட நேரம் நிற்கும். கறளைத் தடுப்பதோ உருக்கில் கரைந்து நிற்கும் குரோமியம். 2021இல் வெளிவந்த மேக்னாகட் உருக்கைப் பாருங்கள். லாரின் தோமஸ் என்ற அமெரிக்க உலோகவியலாளர் வடிவமைத்தது. அதில் குரோமியம் 10.7 வீதம்தான், டி2வை விடக் குறைவு. ஆனால் 4 வீத வனேடியமும் 2 வீத நியோபியமும் காபனைத் தங்கள் பக்கம் இழுத்துவிடுவதால் குரோமியம் கரைந்தே இருக்கிறது. கறள் பிடிப்பது மிகக் குறைவு. ஆகவே குரோமியத்தின் மொத்த அளவை மட்டும் பார்த்துக் கத்தி வாங்காதீர்கள்.

அப்பாவின் கம்மாலையில் எல்லாமே லொறி ஸ்பிரிங் பட்டைதான். பெரும்பாலும் அது 5160 அல்லது அதை ஒத்த உருக்கு, காபன் 0.6 வீதமளவு. கூர் சீக்கிரம் மழுங்கும், கறளும் பிடிக்கும். ஆனால் பெரிய மீன் தலை பிளக்கவும் தேங்காய் உடைக்கவும் இன்றைக்கும் நான் அதைத்தான் எடுப்பேன். விலை கூடிய உருக்கில் அந்த வேலை செய்தால் வாய் சில்லுச் சில்லாகப் போகலாம்.

சரி, கையில் இரண்டு கத்தி இருக்கிறது, எது நல்லது என்று எப்படிப் பார்ப்பது? முதலில் இரண்டையும் ஒரே கோணத்தில், ஒரே கல்லில் தீட்ட வேண்டும். நான் பக்கத்துக்கு 20 பாகை வைத்து 1000 இலக்கக் கல்லில் முடிப்பேன். ஒன்று 15 பாகை, மற்றது 20 பாகை என்றால் நீங்கள் ஒப்பிடுவது கோணத்தை. உருக்கைப் பற்றி ஒன்றும் தெரியவராது. வாயில் மார்க்கர் மை பூசி ஒரு இழுப்பு இழுத்தால், மை எங்கே அழிகிறது என்பதை வைத்துக் கோணம் சரியா என்று கண்டுபிடிக்கலாம். தீட்டும்போது வாயோரம் எழும் பிசிரை நன்றாக எடுத்துவிடுங்கள்.

அப்புறம், கூர் எவ்வளவு நேரம் நிற்கும் என்று பார்க்கத் தும்புக் கயிறு. ஒரே சுருளில் எடுத்து, கழுவிக் காயவைத்தது. இதில் அவசரப்படக் கூடாது, கயிற்றில் மணல் இருந்தால் கணக்கெல்லாம் பிழைத்துவிடும். வாயில் 5 சென்ரிமீற்றரை அடையாளம் செய்து, அந்த இடத்தால் மட்டும் பலகை மேல் வைத்து வெட்டுங்கள். பத்து வெட்டுக்கு ஒருமுறை பத்திரிகைத் தாளை அறுத்துப் பாருங்கள். தாள் கிழியத் தொடங்கும்போது எத்தனை வெட்டு என்று எழுதி வையுங்கள். திரும்பத் தீட்டி மூன்று தரம் செய்தால்தான் நம்பலாம்.

வாயைப் பித்தளைக் கம்பியில் மெல்ல அழுத்திப் பார்ப்பதும் உண்டு. வளைந்து நிமிர்ந்தால் நல்லது. வளைந்தபடி நின்றால் தோய்ச்சல், அதாவது உருக்கைச் சூடாக்கிக் குளிர்த்திக் கடினமாக்குவது, இளகல். உதிர்ந்தால் கூடிப்போனது. ஒரே பெயருள்ள உருக்கு இரண்டு கையில் இரண்டு விதமாக வருவது இந்தத் தோய்ச்சலால்தான். ரொக்வெல் கடினம், அதாவது உருக்கின் கடினத்தை அளந்து சொல்லும் எண், எவ்வளவு என்று கேட்டுப் பதில் வராத இடத்தில் நான் வாங்குவதில்லை.

கறளுக்கு, கடல் தண்ணீரில் நனைத்த துணித்துண்டை அலகில் இரவு முழுக்க வைத்தால் போதும். இரண்டு அலகும் ஒரே அளவு மினுக்கியிருக்க வேண்டும், கரடுமுரடான அலகில் கறள் முந்திப் பிடிக்கும்.

தீட்டும் பாட்டையும் யோசியுங்கள். எஸ்30வி என்ற உருக்கில் வனேடியம் 4 வீதம். அதன் காபைட்டு, சாதாரணக் கல்லில் இருக்கும் அலுமினா மணியை விடக் கடினம். வைரத்தகடு இல்லாமல் அதை வாங்கினால், மழுங்கிய பிறகு சிரமப்படுவீர்கள். சந்தையில் நாள் முழுக்க மீன் வெட்டுகிறவர்கள் அடிக்கடி தீட்டுவார்கள். அவர்களுக்கு எக்ஸ்50 என்று தொடங்கும் ஜெர்மன் குசினிக் கத்தி உருக்கே வசதி, கல்லில் நாலு இழுப்பில் கூர் வந்துவிடும். வீட்டுக் குசினிக்கு 52100 எனக்குப் பிரியம். போல்பெயரிங் செய்யும் உருக்கு, காபன் 1 வீதம், மெல்லிய வாய் தாங்கும். தேசிக்காய் வெட்டினால் உடனே துடைத்து, தேங்காயெண்ணெய் ஒரு துளி தடவ வேண்டும்.

தோணிக்கு எல்சி200என். காபனில் பெரும்பகுதிக்குப் பதிலாக நைதரசன் சேர்த்த உருக்கு. கூர் எஸ்30வி அளவுக்கு நிற்காது, உப்புத் தண்ணீருக்கோ அசையாது. மச்சானிடம் இப்போது இருப்பது அதுதான். டி2வை நான் கறள் எடுத்துத் தீட்டிக் கொடுத்தேன். அக்கா அதைக் குசினியில் வெங்காயத்துக்கு வைத்திருக்கிறா.