நிலவேம்புக் குடிநீர்: வீட்டில் முறையாகக் காய்ச்சுவது எப்படி?

2012-இல் தமிழ்நாட்டில் டெங்கு பரவியபோது அரசு மருத்துவமனைகளில் வழங்கப்பட்டதால் நிலவேம்புக் குடிநீர் வீடுதோறும் அறிமுகமாயிற்று. ஆயினும் பலர் இதைத் தேநீர் போலக் கொதிநீரில் கலக்கிக் குடித்துவிடுகிறார்கள். குடிநீர் என்பது சித்த மருத்துவத்தில் காய்ச்சி வற்றவைத்து எடுக்கும் கஷாயத்தின் பெயர். வற்றவைக்காவிட்டால் அது வெறும் கசப்பு நீர்தான்.

முதலில் பொடியைப் பார்ப்போம். இதில் நிலவேம்பு, வெட்டிவேர், விலாமிச்சை வேர், சந்தனம், பேய்ப்புடல், கோரைக்கிழங்கு, சுக்கு, மிளகு, பற்படாகம் என ஒன்பது சரக்குகள் சேர்கின்றன. நிலவேம்புக்கும் வேப்பமரத்துக்கும் உறவில்லை. கசப்பினால் மட்டுமே அந்தப் பெயர் வந்தது, தாவர இனத்தில் அது ஆடாதொடையின் குடும்பத்தைச் சேர்ந்தது. செடியை அடையாளம் காணத் தெரியாதவர்கள் உரிமம் பெற்ற நிறுவனத்தின் பொடியை நாட்டுமருந்துக் கடையில் வாங்குவதே நல்லது. பொடி ரவை போலக் கொரகொரப்பாக இருக்க வேண்டும். மாவாக அரைத்தது அடிப்பிடிப்பதோடு வடிகட்டவும் வராது.

ஒருவருக்கு ஒரு வேளைக்கு 5 கிராம் பொடியும் 200 மில்லி தண்ணீரும் போதும். இது 50 மில்லியாக, அதாவது கால் பங்காக வற்ற வேண்டும். அந்த அளவைக் கண்ணால் கணிக்கப் புதியவர்கள் தடுமாறுவார்கள் என்பதால் ஓர் எளிய வழி சொல்கிறேன்: மண்சட்டியிலோ எவர்சில்வர் பாத்திரத்திலோ முதலில் 50 மில்லி நீரை மட்டும் ஊற்றி, ஒரு குச்சியை நேராக நிறுத்தி, ஈரம் ஏறிய இடத்தில் கோடு போட்டுக்கொள்ளுங்கள். பிறகு மீதி 150 மில்லியையும் பொடியையும் சேர்த்து, மூடாமல், சிறு தீயில் காய்ச்சி, இடையிடையே குச்சியை வைத்துப் பாருங்கள். நீர் கோட்டைத் தொட்டதும் இறக்கி, மெல்லிய துணியில் வடிகட்டி, இளஞ்சூட்டில் குடிக்கலாம். காலையில் காய்ச்சியதை இரவுக்கு எடுத்து வைக்கக் கூடாது. ஒவ்வொரு வேளைக்கும் புதிதாகவே காய்ச்ச வேண்டும்.

இது நோய் எதிர்ப்பாற்றலைக் கூட்டுமா என்ற கேள்விக்கு அளந்துதான் பதில் சொல்ல வேண்டும். நிலவேம்பின் கசப்புக்குக் காரணமான ஆண்ட்ரோகிராஃபோலைடு அழற்சியைத் தூண்டும் சமிக்ஞைகளைத் தணிப்பதை ஆய்வகச் சோதனைகள் காட்டியுள்ளன. சளி, தொண்டைவலி ஆகியவற்றின் அறிகுறிகள் குறைவதாக மனிதர்களிடம் நடந்த சில ஆய்வுகளும் கூறுகின்றன. அதற்காக, தினமும் குடித்தால் எந்தத் தொற்றும் அண்டாது என்பதற்குச் சான்று இருப்பதாகக் கொள்ளக் கூடாது. டெங்குவில் காய்ச்சல் தணியும் நாட்களிலேயே ஆபத்து கூடக்கூடும் என்பதால், குடிநீரை நம்பி இரத்தப் பரிசோதனையைத் தள்ளிப்போடுவது பெரும் தவறு.

கருவுற்றிருப்பவர்கள் இதைத் தவிர்க்க வேண்டும். நீரிழிவு, இரத்த அழுத்தம், இரத்த உறைவு ஆகியவற்றுக்கு மருந்து எடுப்பவர்கள் மருத்துவரைக் கேட்காமல் தொடங்கக் கூடாது. குழந்தைகளுக்கான அளவையும் சித்த மருத்துவரே சொல்ல வேண்டும். வடிகட்டிய சக்கையைச் சிலர் மறுநாளும் கொதிக்க வைக்கிறார்கள். அதில் சாரம் அதிகம் மிஞ்சியிருக்காது, செடிக்கு உரமாகப் போட்டுவிடுங்கள்.