ஆன்லைனில் நிலவியல் படிக்கிறீர்களா? கையில் கல் இருக்கட்டும்

நிலவியல் அறிமுகப் பாடத்தை ஆன்லைனில் படிப்பவர்கள் வீடியோ பார்ப்பதோடு நிறுத்திவிடாதீர்கள். திரையில் குவார்ட்ஸ், கால்சைட் என்ற இரண்டு கனிமங்களும் ஒரே வெள்ளையாகத்தான் தெரியும். கையில் எடுத்தால்தான் வித்தியாசம் புரியும்.

பாடம் தொடங்கும் முன்பே சிறிய கனிம மாதிரிப் பெட்டி ஒன்று வாங்கிவிடுங்கள். கூடவே 10 மடங்கு பெரிதாக்கும் லென்ஸ், கண்ணாடித் துண்டு, மெருகு பூசாத பீங்கான் ஓடு.

எது எதைக் கீறும் என்பதை 1 முதல் 10 வரை எண்ணால் சொல்லும் மோஸ் கடினத்தன்மை அளவில் கண்ணாடி சுமார் 5.5. குவார்ட்ஸ் 7 என்பதால் கண்ணாடியைக் கீறும். கால்சைட் வெறும் 3, கீறாது. கண்ணாடியைக் கையில் பிடிக்காமல் மேஜைமேல் வைத்தே கீறிப் பாருங்கள். கால்சைட்டைக் கொஞ்சம் சுரண்டி, அந்தப் பொடியில் ஒரு சொட்டு வினிகர் விட்டால் சின்னச் சின்னதாகக் குமிழ் கிளம்பும். அது கார்பன் டை ஆக்சைடு. எனக்கு ரொம்பப் பிடித்தது ஹேமடைட் என்ற இரும்புக் கனிமம்தான்: பார்க்கக் கருப்பாகப் பளபளக்கும், ஓட்டில் தேய்த்தாலோ செம்பழுப்புக் கோடு விழும்!

மாதிரிகளில் பெயருக்குப் பதில் எண் ஒட்டுங்கள். வாரம் ஒருமுறை கலைத்துப் போட்டு, ஒவ்வொன்றும் எதுவென்று சோதித்தே கண்டுபிடியுங்கள். தேர்வில் படம் கொடுத்துக் கேட்டாலும் தடுமாற மாட்டீர்கள்.