பெட்டைக் குட்டியை எடுங்கள்: வன்னியில் வீட்டு நாய் வளர்க்க நினைப்பவர்களுக்கு

பெட்டைக் குட்டி என்றால் வேண்டாம் என்பதுதான் எங்கள் பக்கத்து வழக்கம். கடுவன் குட்டிகளைக் கண் திறக்க முன்னமே ஆளாளுக்குச் சொல்லி வைத்துவிடுவார்கள். பெட்டைகளை உரப்பையில் போட்டுக் குளக்கட்டிலோ சந்தையடியிலோ விட்டுவிட்டு வந்துவிடுவார்கள். மல்லாவி, துணுக்காய், பாண்டியன்குளம் பக்கம் காலையில் பஸ்ஸுக்கு நிற்கிறவர்களுக்கு இது புதிய காட்சி இல்லை. அதனால் நாய் எடுக்கப்போகிறேன் என்று யார் வந்தாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: பெட்டையை எடுங்கள், கருத்தடை செய்யுங்கள். அதைப்போல வளவை விட்டு நகராத காவல் வேறில்லை. கடுவன் அப்படியில்லை. ஊரில் எங்காவது ஒரு பெட்டை சூட்டுக்கு வந்தால் இரண்டு மூன்று நாள் வீட்டுப்பக்கம் வராது, வரும்போது காது கிழிந்து வரும்.

இனமும் முக்கியமில்லை. ஜேர்மன் செப்பர்ட் குட்டிக்குப் பெருந்தொகை கொடுத்து, ஆவணி மாத வெயிலில் அது கிணற்றடியை விட்டு எழும்பாமல் இளைத்துக்கொண்டு கிடப்பதைப் பார்க்க எனக்கு மனம் வராது. எங்கள் ஊர் நாய்க்குக் கட்டை மயிர், மெல்லிய உடம்பு. இந்த வெக்கைக்கென்றே பிறந்தது. குட்டிக்குக் கொடுக்க வைத்த காசை ஊசிக்கும் வேலிக்கும் வையுங்கள்.

குட்டிக்கு எட்டுக் கிழமையாவது ஆகட்டும். அதுவரை தாயோடும் கூடப்பிறந்தவற்றோடும் கடித்து விளையாடித்தான் எவ்வளவு கடிக்கலாம் என்று பழகுகிறது. நாலு கிழமையில் பிரித்த குட்டி பிறகு பிள்ளைகளின் கையை விடாமல் கடிக்கும். முடிந்தால் தாயைப் பாருங்கள். வேற்றாள் கிட்டப்போனால் குரைத்துவிட்டு, வீட்டுக்காரர் சொன்னதும் அடங்குகிற தாய் என்றால் நல்லது. குட்டியின் பல்முரசு இளஞ்சிவப்பாக இருக்க வேண்டும், கண்ணில் பீளை இருக்கக்கூடாது. உடம்பு மெலிந்து வயிறு மட்டும் ஊதியிருந்தால் அநேகமாகப் பூச்சி. அது தீர்க்கக்கூடியதுதான், அதற்காக விட்டுவிட்டு வர வேண்டாம்.

வீட்டுக்குக் கொண்டுவர முன்னம் வேலியைச் சுற்றி ஒருமுறை நடந்து பாருங்கள். கதியாலுக்குக் கீழே குட்டி நுழைகிற ஓட்டை எல்லாவற்றையும் அடையுங்கள். வயலுக்கு அடிக்கிற கிருமிநாசினிப் போத்தல்களைக் கொட்டிலின் மேல்தட்டில் ஏற்றுங்கள், எலிக்கு வைத்த நஞ்சை எடுத்துவிடுங்கள். படுக்கைக்கு இரண்டு கல்லின் மேல் ஒரு பலகை, அதன்மேல் சாக்கு, அது போதும். நிலத்தில் மட்டும் படுக்க விட வேண்டாம். மாரியில் ஈரம், மற்றக் காலத்தில் பாம்பு.

முதல் இரவுகளில் குட்டி அழும். அடுப்படிக்குப் பக்கத்தில், ஆட்கள் படுக்கிற சத்தம் கேட்கிற இடத்தில் விடுங்கள். தாய் படுத்த சாக்கில் ஒரு துண்டைக் கேட்டு வாங்கி வந்தால் இன்னும் நல்லது, அந்த மணத்தில் தூங்கிவிடும்.

சாப்பாட்டில்தான் அதிகம் பிழை நடக்கிறது. மிஞ்சின கறிச்சோற்றை அப்படியே கொட்டுவது நாய்க்குக் கூடாது. கறியிலுள்ள வெங்காயம் அதன் இரத்தத்தைக் கெடுக்கும், உப்பும் தூளும் வயிற்றைக் கெடுக்கும். எங்கள் வீட்டில் நாய்க்கென்று ஒரு சட்டி தனியே ஏறும்: அரிசி, சந்தையில் கழிக்கிற மீன் தலைகள், ஒரு துண்டு பூசணி. தலை எலும்பு கையால் நசுக்கினால் மாவாகும்வரை அவிய வேண்டும். உப்பே போடுவதில்லை. அவித்த கோழி எலும்பு மட்டும் எந்த வயதிலும் வேண்டாம், அது கூராக உடைந்து குடலைக் குத்தும். பசுப்பால் பல குட்டிகளுக்கு வயிற்றால் போகச் செய்யும். சாப்பாடு மூன்று மாதம் வரை நாளுக்கு நாலு தரம், ஆறு மாதம் வரை மூன்று தரம், பிறகு காலையும் மாலையும். சொக்லேட்டும் முந்திரிகைப் பழமும் (திராட்சை) நாய்க்கு நஞ்சு, பிள்ளைகளுக்கு இதைச் சொல்லி வையுங்கள். காய்ச்சல் என்று பனடோல் கொடுக்காதீர்கள். ஈரலைக் கெடுத்துவிடும்.

வறண்ட கச்சான் காற்று வீசுகிற மாதங்களில் சோற்றைவிடத் தண்ணீர்தான் பெரிது. பிளாஸ்ரிக் கோப்பை வெயிலில் கொதிக்கும், காற்றுக்குப் புரளும். பாரமான மண்சட்டியை மரநிழலில் வைத்துக் காலையும் பின்னேரமும் மாற்றுங்கள். வாழையடியில் குழி தோண்டிப் படுத்தால் அடிக்காதீர்கள், அது உடம்பைக் குளிரவைக்கத்தான் தோண்டுகிறது. நாக்கு கடும் சிவப்பாகி, எச்சில் தடித்து, தள்ளாடினால் உடனே நிழலுக்குத் தூக்கி வயிற்றிலும் பாதங்களிலும் கிணற்றுத் தண்ணீரை ஊற்றிக்கொண்டே டொக்டரைக் கூப்பிடுங்கள்.

சரி, ஊசி. எங்களுக்கு மாட்டு டொக்டர்தான் நாய்க்கும் டொக்டர். மாட்டுக்குச் சினைப்படுத்த வருகிறபோதே நாயின் விசயத்தையும் கேட்டு வைக்கலாம். பூச்சி மருந்து இரண்டு கிழமை வயதிலிருந்து இரண்டு கிழமைக்கு ஒருமுறை, மூன்று மாதமானதும் மாதம் ஒருமுறை, ஆறு மாதத்துக்குப் பிறகு மூன்று மாதத்துக்கு ஒருமுறை. ஆறு முதல் எட்டுக் கிழமைக்குள் பல நோய்களுக்கும் சேர்த்துப் போடுகிற முதல் ஊசி. அதைப் பதினாறு கிழமை ஆகும்வரை மூன்று நாலு கிழமை இடைவெளியில் திரும்பப் போட வேண்டும். குட்டிகளை இரத்தக் கழிச்சலாக்கிக் கொல்கிற பார்வோவுக்கு அதுதான் காப்பு. எலிக்காய்ச்சலுக்கும் சேர்ந்த ஊசியா என்று கேளுங்கள். வயல் வரம்பில் திரிகிற நாய்க்கு அது தேவை. விசர்நாய்த் தடுப்பூசியை டொக்டர் சொல்கிற வயதில் போட்டுவிட்டு, பிறகு ஒவ்வொரு வருடமும் போடுங்கள். சுகாதாரப் பகுதியினர் ஊருக்கு வந்து இலவசமாகப் போடுகிற நாள் எப்போது என்று பிஎச்ஐயிடம் (பொதுச் சுகாதாரப் பரிசோதகர்) கேளுங்கள். அன்றைக்கு வயல் வேலை என்று விட்டுவிடாதீர்கள். கொடுக்கிற அட்டையைக் குடும்ப அட்டையோடு சேர்த்து வையுங்கள்.

கருத்தடையை ஆறு மாதமளவில் டொக்டரோடு பேசுங்கள். முதல் சூடு பெரும்பாலும் ஆறிலிருந்து பன்னிரண்டு மாதத்துக்குள் வரும், மூன்று கிழமையளவு நீடிக்கும். அதற்கு முன்னம் செய்தால் பிற்காலத்தில் மடியில் கட்டி வருவது மிகக் குறையும், கருப்பையில் சீழ் பிடிக்கிற பயமே இல்லை. ஊசி போட்டுக் குட்டி வராமல் தடுக்கலாம் என்று சிலர் சொல்வார்கள். அந்த ஓமோன் ஊசிதான் சீழ் பிடிப்பதற்கு ஒரு காரணம். சத்திர சிகிச்சைக்கு ஓட்டோ பிடித்து வவுனியாவுக்கோ கிளிநொச்சிக்கோ போக வேண்டி வந்தாலும் போங்கள். ஒரு பெட்டை வருடத்துக்கு இரண்டு தரம் குட்டி போடலாம், ஒவ்வொரு தரமும் அந்த உரப்பை நிரம்பும். இதைச் சொல்லும்போது எனக்குக் கோபம் வரும், அதை மறைக்க விரும்பவில்லை.

உண்ணி பார்ப்பது அன்றாட வேலை. பின்னேரம் விளக்கடியில் நாயை மடியோடு சாய்த்துக் காதை மடித்துப் பாருங்கள். காதின் உள்மடிப்பில் எள்ளளவில் மண்ணிறமாக ஒட்டியிருப்பது பசியிலிருக்கிற உண்ணி. சாம்பல் நிறத்தில் ஊதி மணிபோல இருப்பது இரத்தம் குடித்தது. பிறகு விரலிடுக்கு, கமுக்கட்டு, கழுத்துப்பட்டிக்குக் கீழே. குறட்டினால் தோலோடு ஒட்டப் பிடித்து நேராக, மெதுவாக இழுக்க வேண்டும். நகத்தால் நசுக்கக் கூடாது. சவர்க்காரத் தண்ணீர்ப் பேணிக்குள் போடுங்கள். மாட்டுக்குக் கலக்குகிற மருந்தை அளவு தெரியாமல் நாய்க்குப் பூசுவதும், சொறிக்குப் பழைய எஞ்சின் ஒயில் பூசுவதும் இன்னும் நடக்கிறது. நாய் அதை நக்கும், ஒயில் தோலையும் எரித்து உடம்புக்குள்ளும் நஞ்சாகும். சொறிக்கு நல்ல மருந்து இருக்கிறது. உண்ணிக் காய்ச்சலைக் கண்டுபிடிக்க மேலுதட்டைத் தூக்கி முரசை விரலால் அழுத்தி விடுங்கள். வெளிறிய இடம் இரண்டு செக்கனுக்குள் திரும்பச் சிவக்க வேண்டும். அழுத்த முன்னமே முரசு வெள்ளையாக இருந்தால், சாப்பிடாமல் கிடந்தால், மூக்கால் இரத்தம் வந்தால், சிறுநீர் தேயிலைச் சாயம்போல் போனால் அடுத்த நாள் வரை காத்திருக்க வேண்டாம்.

கோழி வளர்க்கிற வீடென்றால் முதல் கிழமையிலேயே பழக்குங்கள். குட்டியைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு முற்றத்தில் கோழிக்குத் தீன் போடுங்கள். குட்டி பாயும், கயிறு தடுக்கும். பாயாமல் இருந்து உங்கள் முகத்தைப் பார்க்கிற அந்த நொடியில் ஒரு சின்னத் துண்டு அவித்த மீன். இப்படிப் பொறுமையாகத் திரும்பத் திரும்பச் செய்தால் குஞ்சுகள் மேலில் ஏறினாலும் அசையாமல் படுத்திருக்கும். அடித்துப் பழக்கின நாய் நீங்கள் நிற்கும்போது மட்டும்தான் நல்லது. நாள் முழுக்கச் சங்கிலியில் கட்டினால் நல்ல காவல் நாயாகும் என்பதும் பொய். அது எல்லாரையும் கடிக்கிற நாயாகும், உங்கள் பிள்ளையையும் சேர்த்து.

காட்டோரத்தில் இருக்கிறவர்களுக்கு இன்னும் சில. பன்றிக்கு வைக்கிற வெடியைத் தீன் என்று நாய் கடிக்கும், தாடை போய்விடும். சுருக்குக் கம்பியும், கம்பியில் பட்டதும் வெடிக்கிற கட்டுத்துவக்கும் அப்படித்தான். ஆகவே இரவில் படலைக்குள் வைத்திருங்கள். யானை ஊருக்குள் வந்தால் நாயை அவிழ்த்து விடவே கூடாது. நாய் குரைத்துக்கொண்டு போய், யானை திரும்பினதும் நேரே உங்கள் காலடிக்குத்தான் ஓடிவரும், யானையும் பின்னால் வரும். கோடையில் குளம் வற்றும்போது முதலைகள் மிஞ்சின தண்ணீரில் கூடும், அந்த நேரம் நாயைக் குளத்தில் குளிப்பாட்ட வேண்டாம். அறுவடைக் காலத்தில் புடையன் பாம்பு நாயைத் தீண்டினால் கடிவாயை வெட்டவோ இறுக்கிக் கட்டவோ வேண்டாம், நடக்கவிடாமல் தூக்கிக்கொண்டு டொக்டரிடம் ஓடுங்கள். மிதிவெடி அகற்றி முடியாத இடங்களில், முகமாலைப் பக்கம்போல, சிவப்பு மண்டையோட்டுப் பலகைக்கு அப்பால் நாய் ஓடினால் இந்தப் பக்கம் நின்று கூப்பிடுங்கள். எவ்வளவு பாசமாக இருந்தாலும் ஓரடி உள்ளே வைக்காதீர்கள். கூப்பிட்டால் வருகிற பழக்கத்தைக் குட்டியிலேயே போட வேண்டும் என்று நான் அடித்துச் சொல்வது இதற்காகவும்தான்.

பிள்ளைகளுக்கு இரண்டு விதி போதும்: சாப்பிடுகிற நாயையும் தூங்குகிற நாயையும் தொடக்கூடாது. அதோடு, எந்த நாய் கடித்தாலும், நகம் கீறினாலும், அடிக்குப் பயந்து மறைக்காமல் வீட்டில் சொல்ல வேண்டும். விசர்நோய் கண்டபின் மருந்தில்லை. கடிபட்ட இடத்தைச் சவர்க்காரம் போட்டு ஓடுகிற தண்ணீரில் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். மஞ்சளோ சுண்ணாம்போ வைக்க வேண்டாம். அன்றைக்கே அரசாங்க ஆஸ்பத்திரிக்குப் போங்கள், ஊசிக்குக் காசில்லை. நரி, கீரி, மரநாய் கடித்தாலும் இதேதான். கடித்தது வீட்டு நாய் என்றால் அதை அடித்துக் கொல்லாமல் கட்டி வைத்து இரண்டு கிழமை கவனியுங்கள், தடுப்பூசி அட்டையைக் கையோடு கொண்டுபோங்கள். டொக்டர் அதைக் கேட்பார்.